கீழக்கரை ஜும்ஆ பள்ளி: 628 என்று எழுதுவது சரியா? தூணைப் பார்த்தே காலம் சொல்ல முடியுமா?

#1 மரைக்கார்பேரன்

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம்.

நேத்து எங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. வரிசையாகக் கல்தூண்கள், தூண் தலையில் பூமொட்டு தொங்குகிற மாதிரி வேலைப்பாடு. அடியில், "கி.பி. 628-இல் கட்டப்பட்ட இந்தியாவின் முதல் பள்ளிவாசல், கீழக்கரை". பெரியம்மா மகன் அதை இருபது குழுவுக்குத் தட்டிவிட்டுட்டான்.

எனக்குப் பூர்வீகம் கீழக்கரை, வளர்ந்தது சென்னை. ஏழெட்டு வயசில் வாப்பா கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தூண்களுக்கு நடுவில் நின்றிருக்கிறேன். வெளியே மணல் கொதிக்கும். உள்ளே கால் வைத்ததும் உள்ளங்கால் சில்லென்று ஆகும். மற்றதெல்லாம் மறந்துபோச்சு.

என் சந்தேகம் இது. 628-இல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் இருக்கிறார்கள். அங்கே அவர்களுடைய பள்ளியே பேரீச்ச மரத் தூணும் ஓலைக் கூரையுமாக இருந்த காலம். அதே வருஷம் ராமநாதபுரம் கரையில் இப்படி ஒரு கல்மண்டபமா? சண்டைக்குக் கேட்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கீழைத்தென்றல்

காக்கா (அண்ணன்), முதல்ல ரெண்டு பள்ளியையும் தனித்தனியாப் பிரிச்சுக்குங்க. பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துடும்.

628-630 என்று சொல்லப்படுவது பழைய ஜும்ஆ பள்ளி. மீன்கடைப் பள்ளி என்றும் சொல்லுவோம். நபி காலத்தில் யமன் தேசத்தில் ஆளுநராக இருந்த பாதான் பெயரைச் சொல்லி வருகிற செய்தி அதைப் பற்றியது. 1036-இல் புதுப்பித்தார்கள் என்பதும் அந்தப் பள்ளிக்குச் சொல்வதுதான்.

உங்க படத்தில் இருக்கிறது நடுத்தெரு ஜும்ஆ பள்ளி. வள்ளல் சீதக்காதி கட்டியது. பக்கத்திலேயே மார்க்க அறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா அடங்கியிருக்காங்க. ஊர்க்காரங்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. படம் எடுத்துட்டுப் போறவங்க ஒரு பள்ளியின் வயசை இன்னொரு பள்ளியின் தூணில் ஒட்டிடுறாங்க.

#3 வைகைக்கரை

அடப்பாவமே, நானும் அந்தப் படத்தைப் போன மாசம் 628-னு போட்டு பந்தா காட்டியிருக்கேன். அழிச்சிர்றேன்.

#4 கல்தச்சன்

கீழைத்தென்றல் சொன்னது சரி. நான் தூணைப் பற்றி மட்டும் பேசுகிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

தமிழ்நாட்டுக் கல்கட்டடத்தில் கல்வெட்டே இல்லாவிட்டாலும் காலத்தைக் காட்டிக்கொடுக்கிற உறுப்பு ஒன்று உண்டு: போதிகை. தூணின் தலைக்கும் மேலே ஓடும் உத்திரத்துக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கை நீட்டியிருக்குமே, அந்தக் கல். பாரத்தை வாங்கித் தூணில் இறக்குவது அதன் வேலை. அழகு பிறகு வந்தது.

பல்லவர் காலத்திலும் முற்சோழர் காலத்திலும் அது வளைவாக, அலை அலையாக மடிந்திருக்கும். தரங்கப் போதிகை. சோழர் ஆட்சி நடுவயதுக்கு வரும்போது அலை போய், சாய்வாக வெட்டிய வெட்டுப் போதிகை வருகிறது. பிற்பாண்டியர் காலத்தில் அந்த வெட்டின் நுனியில் பூ எட்டிப் பார்க்கிறது. விஜயநகரக் காலத்தில் பூ கீழே வளைந்து மொட்டாகிறது. நாயக்கர் காலத்தில் அது வாழைப்பூ மாதிரி முழுசாகத் தொங்கிவிடுகிறது. நுனியில் வாழைப்பூ தொங்கும் ஒரு போதிகையைக் காட்டி இது ஏழாம் நூற்றாண்டு என்று எவராவது சொன்னால், பேரனின் படத்தைக் காட்டித் தாத்தா என்று சொல்வதுபோலத்தான்.

அந்தப் படத்தில் மொட்டு முழுசாகவே தொங்குகிறது. ஆகவே தூண் தன் வயதைத் தானே சொல்லிவிட்டது: நாயக்கர் காலம். ஊர் வழக்கு சொல்வது 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலம், சீதக்காதி காலம்; அதுவும் இதற்குள் அடங்குகிறது. ஊர் வழக்கும் கல்லும் ஒன்றையே சொல்லும்போது அதற்கு மேல் நாம் என்ன தோண்டுவது?

இன்னொன்று. அது மண்டபத்தின் இலக்கணத்தில் கட்டிய பள்ளி. கீழே அதிட்டானம் என்ற அடிபீடம், அதன் மேல் தூண், போதிகை, உத்திரம், கல் பாவிய தட்டைக் கூரை. வெளி விளிம்பில் மழைநீர் சுவரில் வடியாமல் தள்ளும் கொடுங்கை. குவிமாடமும் இல்லை, வளைவை நம்பிய கட்டுமானமும் இல்லை. வடக்கே டெல்லியிலும் பிஜப்பூரிலும் சுண்ணாம்பையும் வளைவையும் வைத்து விளையாடிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், இங்கே தூணும் உத்திரமுமாகவே ஒரு முழுத் தொழுகைக்கூடத்தை நிறுத்தியிருக்கிறார்கள். இத்தனை நெருக்கமாகத் தூண் நிற்கிறதே, தொழுகை வரிசையை மறிக்கிறதே என்று சிலர் குறைசொல்வார்கள். கல் உத்திரம் நீளமாகப் போனால் நடுவில் முறியும். மரம் வளையும், கல் வளையாது. அதனால்தான் தூண் நெருக்கம்.

#5 சான்றுகேள்

கேட்டால் கோபப்படாதீர்கள். மண்டபம், போதிகை, அதிட்டானம், கொடுங்கை, எல்லாம் கோயில் சொற்கள். அப்படியானால் இது முதலில் கோயிலாக இருந்து பிறகு மாற்றப்பட்டதாக ஏன் இருக்கக் கூடாது?

#6 மரைக்கார்பேரன்

இந்தக் கேள்வி நாலாவது பதிவிலேயே வரும்னு நினைச்சேன். ஒண்ணு தாமதம்.

#7 கல்தச்சன்

கேட்கட்டும், பதில் இருக்கிறது.

உருவம் செதுக்கிய தூணைக் கொண்டுவந்து உருவத்தைச் சுரண்டினால் அந்த இடம் பள்ளமாகும், அல்லது சொரசொரவென்று உளித்தடம் நிற்கும். பள்ளமான இடத்தில் மறுபடி புடைப்பாகப் பூ செதுக்க முடியாது. கல்லை வெட்டி எடுக்கலாம், திரும்ப ஒட்ட முடியாது. இங்கே தூணின் சதுரங்களில் இருப்பது புடைப்பாக நிற்கும் பூவும் கோலம் போன்ற வடிவங்களும். சிற்பி முதல் உளி போடும்போதே உருவம் வேண்டாம், பூ போதும் என்று தெரிந்துதான் போட்டிருக்கிறார்.

இரண்டாவது, திட்டம். கோயில் மண்டபம் நடுவில் கருவறையை நோக்கி ஒரு பாதையைத் திறந்து வைக்கும். கண் நேரே உள்ளே போகணும். பள்ளியில் மேற்குச் சுவர் முழுவதும் ஒரே மதிப்பு. தொழும் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராப் நடுவில் இருந்தாலும், வரிசை அகலவாட்டில் ஓடணும். தென்கடற்கரைப் பழைய பள்ளிகள் இப்படித்தான்: சுவர் சூழ்ந்த உள்பள்ளி, அதற்குக் கிழக்கே திறந்த முன்மண்டபமாக வெளிப்பள்ளி, ஒரு பக்கம் ஒளு செய்ய, அதாவது தொழுகைக்கு முன் கை கால் கழுவ, ஹவுளு என்ற தொட்டி. மேற்குச் சுவரின் வெளிப்புறத்தில் மிஹ்ராபின் முதுகு துருத்திக்கொண்டு நிற்கும். காயல்பட்டினத்துப் பழைய பள்ளிகளிலும் இதைப் பார்க்கலாம்.

சொற்கள் கோயிலுடையவை அல்ல, கொத்தனுடையவை. போதிகை அரண்மனையிலும் உண்டு, சத்திரத்திலும் உண்டு. அன்றைக்குப் பெரிய கல்வேலை தெரிந்தவர்கள் யார்? சிவன் கோயிலுக்கு உளி பிடித்த அதே கைகள்தான். செட்டியார் கேட்டால் சத்திரம், மரைக்காயர் கேட்டால் பள்ளி.

#8 வைகைக்கரை

"பள்ளி" என்ற சொல்லையே எடுத்துக்கங்க. சமணர் தங்கின இடமும் பள்ளி, பௌத்த விகாரமும் பள்ளி, பிள்ளைக படிக்கிற இடமும் பள்ளி. முஸ்லிம்கள் அந்தச் சொல்லை எடுத்து, வாசலையும் சேர்த்துக்கிட்டாங்க. சொல்லுக்கே யாரும் பட்டா போட்டு வைக்கல.

இப்ப என் பங்குக்கு ஒண்ணு. ராமநாதபுரத்திலேர்ந்து கீழக்கரை போற ரோட்டிலேயே திருப்புல்லாணி இருக்கு, ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயில். ராமர் தர்ப்பைப் புல்லில் கிடந்தார்னு சொல்ற ஊர். அந்தக் கோயில் கல்வெட்டு ஒண்ணு, 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகர் (அதாவது முஸ்லிம்கள்) பள்ளி ஒண்ணுக்கு நிலம் விட்ட செய்தியைச் சொல்லுது. பிழார் பள்ளின்னு பேரும் வருது. பெருமாள் கோயில் சுவரில் பள்ளிவாசலுக்கு இறையிலி, வரியில்லா நிலம்! எங்க வரலாற்று வாத்தியார் இதைச் சொன்னப்ப வகுப்பில் பாதிப் பேர் தூங்கிட்டிருந்தோம். இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

அந்தப் பட்டினம் இன்னிக்கு இருக்கிற பெரியபட்டினம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க, கீழக்கரைக்குக் கிழக்கே அதே கரை. 1980-களில் அங்கே தோண்டினப்ப சீனப் பீங்கான் ஓடு ஏராளமா வந்துச்சு. 1340-களில் மதுரை சுல்தான் காலத்தில் இங்க வந்த இப்னு பதூதா, "பத்தன்"னு ஒரு துறைமுகத்தைச் சொல்லி, அங்கே கல்லால் கட்டிய அழகான பள்ளிவாசல் இருக்குன்னு எழுதி வெச்சிருக்கார். திராட்சையும் மாதுளையும் நல்லா இருக்கும்னு வேற எழுதியிருக்கார், மனுசன் எங்க போனாலும் சாப்பாட்டை விடமாட்டார். அந்தப் பத்தன் எதுன்னு அடிதடி உண்டு. பெரியபட்டினம்தான்னு ஒரு கட்சி பலமா இருக்கு.

ஆகக் கூடி, சீதக்காதிக்கு முந்நூறு, நானூறு வருசம் முன்னாடியே இந்தக் கரையில் பள்ளிவாசல் இருந்ததுக்கு வெளிநாட்டுக்காரர் சாட்சி, உள்ளூர்க் கல் சாட்சி ரெண்டும் இருக்கு. இவ்வளவு கையில் இருக்கிறப்ப 628-ஐ ஏன் பிடிச்சுத் தொங்கணும்?

#9 கீழைத்தென்றல்

தொங்குறாங்கன்னு சொல்லாதீங்க தம்பி. அரபு வணிகர்கள் இஸ்லாத்துக்கு முன்னாடியே முத்துக்கும் மிளகுக்கும் இந்தக் கரைக்கு வந்து போனவங்க. அவங்களே தீனை, அதாவது இஸ்லாத்தை, ஏற்றுத் திரும்பி வந்தப்ப, இறங்கின துறையில் ஓலைக்கொட்டகை போட்டாவது தொழுதிருப்பாங்கதானே? தொழுத இடம் அந்தக் காலத்தது என்பது ஒரு பேச்சு. இப்ப நிற்கிற சுவர் அந்தக் காலத்தது என்பது வேற பேச்சு. முதலாவதை நான் நம்புறேன். ரெண்டாவதை எங்க அப்பா (வாப்பாவோட வாப்பா) கூடச் சொன்னதில்லை.

#10 சான்றுகேள்

இந்தப் பிரிப்பு எனக்குச் சரியாகப் படுகிறது. #7-க்கும் நன்றி, சுரண்டினால் பள்ளம் விழும் என்பதை நான் யோசிக்கவில்லை. அப்படியென்றால் இத்தனை கல் எங்கிருந்து வந்தது? கீழக்கரையில் மலை ஏது?

#11 கல்தச்சன்

நல்ல கேள்வி. அந்தக் கரையில் கிடைப்பது மணலும் கடல் பவளக்கல்லும்தான். பழைய வீடுகளின் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் பவளக்கல் தலை காட்டும், துளைத் துளையாக. அது சுவருக்கு ஆகும், உத்திரத்துக்கு ஆகாது. பாரம் ஏறினால் நொறுங்கும். தூணுக்கும் உத்திரத்துக்கும் கருங்கல் வேண்டும், கருங்கல் உள்நாட்டிலிருந்துதான் வரவேண்டும். வண்டிக் கூலி கல்லின் விலையை மிஞ்சும். காசு இருந்தவர் கட்டினார்.

காசு இருந்தது. சீதக்காதி என்று நாம் சொல்லும் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் கப்பல் வணிகர். டச்சுக் கம்பெனிக்காரர்களின் பதிவுகளில் "பெரியதம்பி" என்று வந்துகொண்டே இருப்பார். அவர்களுக்குப் போட்டியாக நின்ற ஆள், சேதுபதிக்கு வலதுகை. செய்கு அப்துல் காதிர் என்பது வாயில் புரண்டு சீதக்காதி ஆனதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று பழமொழியில் கேட்டுக் கேட்டு அவரை ஏதோ கதாபாத்திரம் என்றே பலர் நினைக்கிறார்கள்.

#12 மரைக்கார்பேரன்

ஒரு சந்தேகம். சென்னையில் நான் ஜும்ஆவுக்குப் போகிறது திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளி, வாலாஜா பள்ளி. 1795. அதுவும் கருங்கல்தான், மரமும் இரும்பும் சேர்க்காமல் கட்டியது என்று சொல்வார்கள். ஆனால் அதைப் பார்த்தால் உடனே பள்ளிவாசல் என்று தெரிகிறது: இரட்டை மினாரா, முன்னால் பெரிய திறந்தவெளி. கீழக்கரையில் அந்த உயரமே இல்லையே, ஏன்?

#13 வைகைக்கரை

அது நவாபு கட்டினது பாய், இது வணிகர் கட்டினது. ஆற்காட்டு நவாபுகளுக்கு வடக்குப் பாணி பழக்கம். மரைக்காயர்களுக்குத் தெரிஞ்சது எதிரே இருந்த மண்டபம். நூறு வருசம் முன்ன பின்ன, ஒரே கருங்கல், ரெண்டு வேற உலகம். பழைய கடற்கரைப் பள்ளிகளுக்கு ஓங்கின மினாரா அவசியப்படவும் இல்லை. தெரு நெருக்கம், மோதினார் மேலே ஏறி நின்னு பாங்கு சொன்னா ஊருக்கே கேக்கும். இப்ப நிக்கிற மினாராக்கள் பல ஊர்ல பிற்காலச் சேர்க்கை.

அப்பறம் கேரளத்தைப் பாருங்க. கோழிக்கோடு மிஷ்கால் பள்ளி அடுக்கடுக்கா மரமும் ஓடும். அங்க மழை அப்படி, தேக்கு அப்படி. 1510-ல போர்ச்சுகீசியர் தீ வெச்சப்ப எரிஞ்சதும் மரம்ங்கிறதாலதான். நம்ம பக்கம் கல். மண்ணு என்ன கொடுக்குதோ அதுல தொழுகை.

#14 திசைகாட்டி

யாரும் கிப்லாவை, அதாவது மக்காவை நோக்கித் தொழும் திசையை, தொடவில்லையே. கீழக்கரையிலிருந்து மக்கா நேர் மேற்கு இல்லை. கணக்குப் போட்டால் மேற்கிலிருந்து ஏறத்தாழ 22-23 பாகை வடக்கே திரும்ப வேண்டும். ஆனால் தென்னிந்தியக் கரையின் பழைய பள்ளிகள் பலவும் நேர் மேற்கைப் பார்த்தே நிற்கும். காரணம் எளிது. மண்டபம் கட்டுகிறவர் சங்கு என்ற குச்சியை நட்டு நிழல் பார்த்து, கிழக்கு மேற்குக் கோடு போட்டுத்தான் அடித்தளம் எடுப்பார். தொழுகிறவருக்கும் சூரியன் விழும் திசைதான் மக்கா என்று வாயில் பழகியிருந்தது. "மேற்கே பார்த்துத் தொழுகிறவங்க" என்று ஊரில் இன்னும் சொல்வதில்லையா?

#15 வைகைக்கரை

எங்க ஊர்ப் பள்ளியில் இதனால் நடந்த கூத்தைச் சொல்றேன். ஊர் பேர் வேணாம். கட்டடம் நேர் மேற்கு. பத்து வருசம் முன்னாடி ஒரு இளவட்டம் போன்ல திசைகாட்டியைத் திறந்து காட்ட, ஜமாஅத்தில் ரெண்டு மாசம் வாக்குவாதம். கடைசியில் சுவரைத் தொடாம, பாயை மட்டும் கோணலா விரிச்சாங்க. இப்ப உள்ள நுழைஞ்சா தூண் ஒரு பக்கம் பாக்கும், வரிசை ஒரு பக்கம் பாக்கும். மூலையில் முக்கோணமா இடம் மிச்சம், அதுல செருப்புத் திருடனுக்குப் பயந்து கொண்டுவந்த பைகள்.

அது பரவாயில்ல. அதுக்கு அடுத்த வருசம் "விரிவாக்கம்"னு சொல்லி முன்பக்கத்து எட்டுத் தூணைப் பிடுங்கினாங்களே, அதுதான் இன்னும் நெஞ்சுல நிக்கிது. கிரேன் வந்து தூக்கிச்சு. நான் அன்னிக்கு அங்க நின்னேன். போதிகை ஒண்ணு கீழ விழுந்து மொட்டு தனியா உருண்டு ஓடுச்சு. ஒரு பையன் அதைக் காலால தள்ளி விளையாண்டான். இப்ப அங்க கான்கிரீட்டு, பளபளன்னு டைல்ஸ், ஏசி. மிச்சமிருக்கிற தூணுக்கெல்லாம் பச்சை எனாமல் பெயிண்ட். பூவோட இதழெல்லாம் பெயிண்ட்ல மூடி, உருண்டையா நிக்கிது. நல்ல எண்ணத்துலதான் செஞ்சாங்க, காசும் எல்லாரும் கொடுத்தது, நானும் கொடுத்தேன்.

#16 கல்தச்சன்

அந்த மொட்டு எங்கே இப்போது?

#17 வைகைக்கரை

எங்க வீட்டுத் திண்ணையில. கதவு சாத்தாம இருக்க முட்டுக் கொடுத்திருக்கோம்.

#18 கல்தச்சன்

முட்டுக் கொடுத்ததை எடுத்து உள்ளே வையுங்கள். மிச்சத் தூண்களில் பூசிய எனாமலைச் சுரண்ட இரும்புத் தகடு எடுக்காதீர்கள், இதழ் விளிம்பு போய்விடும். மணலை வேகமாக ஊதித் தேய்க்கிற இயந்திரத்தை எவராவது சிபாரிசு செய்தால் ஓடிவிடுங்கள். பெயிண்ட் இளக்கும் பசையைத் தடவி, ஊறவைத்து, மூங்கில் குச்சியால் நீவி எடுக்கணும். ஒரு பூவுக்கு அரைநாள் ஆகும்.

#19 கீழைத்தென்றல்

ஒரு விஷயம் சொல்லட்டுமா? இந்தத் தூண்களை நான் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. எங்க ஊரில் பெண்கள் பள்ளிக்குள் போகிற வழக்கம் கிடையாது. எங்களுக்குத் தொழத் தைக்கா தனி. சின்னப் பிள்ளையா இருக்கும்போது சதக்கத்துல்லாஹ் அப்பா அடங்கின இடத்துக்கு உம்மாவோடு ஸியாரத் செய்யப் போய், வெளியிலிருந்து இருட்டுக்குள் வரிசையாகத் தெரிகிற தூண்களை எட்டிப் பார்ப்பேன். எண்ணத் தொடங்குவேன், உம்மா கையை இழுத்துடுவாங்க. இன்னிக்கு வரைக்கும் எண்ணி முடிச்சதில்லை.

உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடச் செய்தி கேட்டு வந்து நின்றது சதக்கத்துல்லாஹ் அப்பாவிடம்தான். முதலில் அவர் புலவரின் உடுப்பைப் பார்த்துவிட்டு மறுத்தார் என்று எங்க வீட்டில் கதை சொல்லுவாங்க. தமிழில் நபி வரலாறு பாட வந்தவரும், அரபியில் பாடின ஆலிமும், ரெண்டு பேருக்கும் பின்னாடி நின்ற வள்ளலும் ஒரே தெருவில் நடமாடின காலத்துக் கட்டடம் இது. பெட்டி நிறைய நகை இருக்கிறவளுக்கு இரவல் வளையல் எதுக்கு?

#20 மரைக்கார்பேரன்

மூணு வாரம் கழித்து எழுதுகிறேன். போய்ப் பார்த்துட்டு வந்தேன்.

அஸர் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒரு தூண் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்தச்சன் சொன்னபடி முதலில் கீழே பார்க்காமல் மேலே பார்த்தேன். போதிகையிலிருந்து மொட்டு தொங்குது. சின்ன வயசில் அதை நான் விளக்கு மாட்டுகிற கொக்கி என்று நினைத்திருந்தேன். சதுரத்தில் இருந்த பூவை விரலால் தடவினேன். மேடாகத்தான் இருக்கு, பள்ளம் எங்கேயும் தட்டவில்லை. உள்ளங்கால் இன்னும் சில்லென்றுதான் இருக்கு.

பெரியவர் ஒருத்தர் வந்து என்ன தம்பி தூணையே பார்க்கிறீங்க என்றார். விஷயத்தைச் சொன்னேன். "628-ஆ? அது அங்கிட்டு மீன்கடையில" என்று கையைக் காட்டிட்டுப் போயிட்டார்.

குடும்பக் குழுவில் படத்தைத் திருத்திப் போட்டேன்: நடுத்தெரு ஜும்ஆ பள்ளி, 17-ஆம் நூற்றாண்டு, சீதக்காதி கட்டியது. பெரியம்மா மகன் பதில்: "காக்கா, இதை யாரு ஃபார்வர்ட் பண்ணுவா?"

#21 கீழைத்தென்றல்

அவன் கிடக்கிறான். தூணை எண்ணினீங்களா இல்லையா?

#22 மரைக்கார்பேரன்

எண்ணத் தொடங்கினேன் லாத்தா (அக்கா). மஃரிப் தொழுகைக்கு ஆள் வர ஆரம்பிச்சுட்டாங்க.

#23 கீழைத்தென்றல்

நம்ம ஊர் இனிப்பு, தொதலாவது வாங்கினீங்களா?